நம் வீடுகளுக்கு நடுவே இறங்கிய தரை

அன்புள்ள அக்கா,

இன்று காலை எங்கள் கேட்டருகே மேஸ்திரி சிமென்ட் கலவை போட்டார். அந்த ஈர வாசனை சமையலறை வரை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாம் அடுத்தடுத்து வீடு கட்டிய மனைகள், வயலில் மண் கொட்டி மேடாக்கியவை. நடுவில் மதில் வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள்தான். அதனால் நாலடி அகலக் கான்கிரீட் தரை மட்டும் போட்டோம். இரண்டு சமையலறைக் கதவுகளும் அதில்தான் திறக்கும். நீங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்திலும் அங்கே நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போனதில்லை.

ஒரு வருடம் மழை முடிந்தபோது உங்கள் பக்கம் தரை ஒரு சாண் இறங்கிவிட்டது. விரிசல் படியேறி உங்கள் சுவரைத் தொட்டது. "உங்க பாத்ரூம் தண்ணிதான் காரணம்" என்றார் உங்கள் வீட்டுக்காரர். "மண்ணைக் கெட்டிப்படுத்தாம கட்டினா இப்படித்தான்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் சும்மா இருக்கவில்லை. "டீச்சர் மாதிரியா நடந்துக்கறீங்க?" என்று உங்களைப் பார்த்துக் கேட்டேன். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நான்கு மாதம் அது திறக்கவில்லை.

பிறகு எங்கள் பக்கமும் தரை பிளந்தது. உடைத்துப் பார்த்த மேஸ்திரி கூப்பிட்டார். "அம்மா, இங்க வந்து பாருங்க. அடியில ஃபுல்லா காலியா கீது."

எங்கள் குளியலறைக் குழாயின் இணைப்பு விட்டிருந்தது. தண்ணீர் மாதக்கணக்கில் மண்ணை அரித்துக்கொண்டு உங்கள் பக்கம் போயிருந்தது.

"பைப்பை மாத்தி மூடிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் என் வீட்டுக்காரர்.

அன்று சாயங்காலம் உங்கள் கதவைத் தட்டினேன்.

"அக்கா, தப்பு எங்க பைப்புலதான்."

"தெரியும். போன வாரமே எங்க படி ஓரமா சோப்பு நுரை வந்துச்சு. அவர்கிட்டகூட நான் சொல்லல."

"ஏன்க்கா?"

"நீயா வருவேன்னு இருந்தேன். உள்ள வா, கொசு வருது."

அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல்லை நீங்களும் எதிர்பார்க்கவில்லை, எனக்கும் வாயில் வரவில்லை.

முழுத் தரையையும் உடைத்தோம். பள்ளத்தில் மணல் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, ஜல்லி பரப்பி, கம்பி வைத்துப் புதிதாகப் போட்டார்கள். இந்த முறை தண்ணீர் சுவர்ப் பக்கம் போகாதபடி வாட்டம் வைத்தார்கள். பத்து நாள் காலையும் மாலையும் ஈரச் சாக்கு விரித்து நாம் இருவரும் தண்ணீர் ஊற்றினோம். மூன்றாம் நாள் எதற்கோ சிரித்தோம். எதற்கென்று இப்போது நினைவில்லை. உங்கள் சிரிப்புச் சத்தம் மட்டும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்போது ஒரு சின்னக் குடும்பம் குடியிருக்கிறது. போன வாரம் எங்கள் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, அவர்கள் சுவரோரம் மண் கரைந்திருப்பதைப் பார்த்தேன். அவர்கள் கவனிக்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். "ஐயோ, இதுக்காகவா வந்தீங்க ஆன்ட்டி? உட்காருங்க" என்றாள் அந்தப் பெண். உங்கள் சமையலறையில் அவளோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன் அக்கா. முழுக்க உங்களைப் பற்றித்தான்.