கழன்று விழுந்த இரண்டு சீட்டு

மார்ச் 3, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். (யாரைக் கேட்கிறேன்? படிக்கப்போவதும் நான்தானே!) அறுபத்தொன்பது வயதில்தான் முதன்முதலாகப் பேனா பிடித்த கை. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

இன்று என் எழுத்துக்கு வேலை கிடைத்தது! பேத்திக்குப் பள்ளியில் வீட்டில் செய்துவரச் சொன்ன அறிவியல் சோதனை. நான்கு கண்ணாடி டம்ளரில் வெறும் தண்ணீர், உப்புத் தண்ணீர், வினிகர், பால் — நான்கும் ஒரே சூட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு ஜெல்லி மிட்டாய். எது முதலில் கரைகிறது என்று நேரம் குறிக்க வேண்டும். "பேர் எழுதி ஒட்டுறது உங்க வேலை தாத்தா" என்றாள். நான்கு சீட்டுக்கு அரை மணி நேரம். மருமகள் எட்டிப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு மாமா. இத யாரு படிக்கிறது?" என்றாள்.

நான் படிப்பேன்!

மார்ச் 4

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். பேத்தி கடிகாரம் எடுக்கப் போனபோது ஆவி பட்டு இரண்டு சீட்டு கழன்று விழுந்தன. தண்ணீர், உப்புத் தண்ணீர். பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஒரு சொட்டு நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். மருமகள் பார்த்தால் சிரிப்பாளே என்ற அவசரம் — குத்துமதிப்பாக ஒட்டிவிட்டேன்.

மார்ச் 6

மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வெறும் தண்ணீரில் முதலில் கரைந்திருக்கிறது. இவளுக்கு மட்டும் உப்புத் தண்ணீரில். "செய்யாமலே செஞ்சதா எழுதினியா?" என்று டீச்சர் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தாராம். 'நான் பொய் சொல்ல மாட்டேன்' — ஐம்பது முறை எழுத வேண்டும். வகுப்பில் 'புளுகு மிட்டாய்' என்று பட்டப்பெயரும் வைத்தாகிவிட்டது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறியா?" என்று மருமகள் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நான் செஞ்சேம்மா! தாத்தா, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, சொல்லுங்க!"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் சீட்டு ஒட்டுனவன்."

அவள் பார்த்த பார்வை — ச்சே, என்ன மனுசன் நான்?

மார்ச் 7

மேசையின் அந்தப் பக்கம் அவள் பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதுகிறாள். அழுகை. இந்தப் பக்கம் நான். அவள் கொம்பு போடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொம்பு அழகாக வந்துவிட்டது. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

மார்ச் 9

தெருவிலும் "புளுகு மிட்டாய்" என்று கத்துகிறார்கள். சொல்ல வாய் வரவில்லை. எழுதுகிறேன்:

பேத்தி பொய் சொல்லவில்லை. சீட்டை மாற்றி ஒட்டியது நான்.

இந்த நோட்டை விரித்து அவள் பையின் மேல் வைத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

நோட்டு திரும்பி வந்தது. என் வரிக்குக் கீழே சிவப்பு மையில் '42'.

"கிளாஸ்ல என்னைத் தவிர நாப்பத்தோரு பேரு, டீச்சர் ஒண்ணு. ஆளுக்கொரு சீட்டு. இதையே எழுதுங்க. அடியில உங்க கையெழுத்து."

அவள் தாத்தா என்று சொல்லவில்லை.

காலையிலிருந்து ஒன்பது சீட்டு. விரல் வீங்கிவிட்டது. பத்தாவது கோணலாக இருந்ததென்று கிழித்துப் போட்டாள். நேற்றுவரை என்னைப் படிக்க நான் ஒருவன்தான். இனி நாற்பத்திரண்டு பேர்! சிரிப்பு வருகிறது. அவள் முன்னால் சிரிக்கக் கூடாது.

இதை எழுதியதும் கொடுத்துவிட வேண்டும்; எல்லாம் முடியும்வரை இந்த நோட்டு அவள் பையில்தான் இருக்குமாம். முப்பத்து மூன்று பாக்கி. எழுதி முடித்து அடுத்த ஞாயிறு இதைத் திருப்பி வாங்கிவிடுவேன்.