ஆறு டிக்கெட் போனால்தான் படம்

நோர்வூட்,
சனிக்கிழமை மாலை.

அன்புள்ள ஹப்ஸா,

ஒரு படம் ஓடியது என்று எதை வைத்துச் சொல்வது என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். இரண்டு மாதம் யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுதவும் மனம் வரவில்லை.

இங்கே நலம். மழை விடவில்லை. பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன். குவார்ட்டர்ஸில் ஒழுகும் இடம் சமையலறையிலிருந்து கட்டில் பக்கம் நகர்ந்திருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி?

இன்று நம் வழக்கப்படி ஹட்டனுக்குப் போனேன். தெஹிவளையில் நீயும் அதே காலைக் காட்சிக்குக் கிளம்பியிருப்பாய் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். இருபத்திரண்டு வருடமாக இரண்டு ஊரில் ஒரே சனிக்கிழமை ஒரே படம். பிறகு கடிதம். போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எல்லாக் கடிதத்திலும் நீ முதலில் கேட்பது, ஹாலில் எத்தனை பேர் என்பது.

கரடிக்குட்டி வரும் கார்ட்டூன் படம். உலகம் முழுவதும் பத்து நாளில் வசூலை அள்ளிவிட்டது என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஹட்டனில் நான்கு பேர் வந்தோம். நான், ஒரு தாய், அவளுடைய இரண்டு பிள்ளைகள். ஆறு டிக்கெட் போகாவிட்டால் இங்கே மெஷினைப் போட மாட்டார்கள். கவுண்டரில் இருக்கும் செல்லசாமி காசைத் திருப்பித் தந்துவிட்டு, "நாளைக்குக் கடைசி ஷோ டீச்சர். ஆளு சேந்தா போடுவோம். ஒங்களுக்கு இந்தப் பொம்மப் பட பைத்தியம் இன்னும் போகலியே" என்றார். போகவில்லை என்றேன்.

உனக்கு வசூல் கணக்கில் நம்பிக்கை. இத்தனை கோடிப் பேரும் முட்டாள்களா என்பாய். நான் பொருளியல் படித்தது அந்தக் கணக்கை நம்பாமல் இருக்கத்தானோ என்னவோ. அது டிக்கெட்டை எண்ணுகிறது. உள்ளே தூங்கியவர், பாதியில் எழுந்து போனவர், பிள்ளைகளின் தொல்லைக்கு வந்தவர் எல்லோரும் அதில் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பிறக்கிற படம் பிழைக்குமா சாகுமா என்று திங்கட்கிழமைக்குள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரிய படங்களை அந்த மூன்று நாளுக்காகவே எடுக்கிறார்கள். கடைசி அரை மணி நேரம் ஒரு நகரம் இடிந்து விழும். எந்த நகரம் என்று வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிடும்.

பொம்மைப் படத்தில் எதுவும் தானாக நடப்பதில்லை. ஓர் இலை அசைய வேண்டுமானால் யாரோ ஒருவர் நாள் கணக்கில் உட்கார்ந்து அதை அசைக்க வேண்டும். மழையையும் யாராவது பெய்ய வைக்க வேண்டும். கேட்பாரில்லாமல் கொட்டுகிற மழையில் நனைந்துவிட்டு வந்து பார்க்கும்போது அது எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது. தமிழில் குரல் கொடுப்பவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை. விளம்பரத்திலேயே பனிமலைக் கரடி மெட்ராஸ் ஆட்டோக்காரர் போலப் பேசியது. நீ சிரித்துவிட்டுப் போவாய். எனக்கு எரிச்சல்.

காட்சி இல்லை என்றதும் மழைக்கு உன் அண்ணனின் துணிக்கடையில் ஒதுங்கினேன். மஃறூப் நானா பிளேன்டீ வரவழைத்தார். நாளைக்கும் வந்து பார்ப்பேன் என்று சொன்னேன். அதற்கு அவர், "தங்கச்சி போனா நீங்க யாருக்கு டீச்சர் படக்கத எழுதப் போறீங்க?" என்று கேட்டார். எங்கே போகிறாள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "சொல்லல்லயா? நுஸ்கி மெல்பர்னுக்கு எடுக்குறான். வாற மாசம் பதினாலு. வீட்டையும் குடுத்தாச்சு" என்றார்.

மகனிடம் போவது நல்லதுதான். அந்த மாடிப்படியில் நீ தனியாக ஏறி இறங்க வேண்டியதில்லை. போன கடிதத்தில் முழங்காலைப் பற்றி, மீன் விலையைப் பற்றி, றுமைஸாவின் மகள் கல்யாணத்தைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறாய். வீடு வந்ததும் எடுத்து மூன்று முறை வாசித்தேன். பயணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசியில் அந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது.

மெல்பர்னுக்குப் படங்கள் முதலிலேயே வந்துவிடுமாம். நீ பார்த்து மறந்த பிறகுதான் ஹட்டனுக்கு வரும். அதே சனிக்கிழமை என்பது இனி நடக்காது. பதினாலாம் திகதிக்கு முன் ஒரு சனிக்கிழமை ஒழிந்தால் ரயில் ஏறி வா. நகரம் இடிகிற படமானாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்காருகிறேன்.

நுஸ்கிக்கு என் அன்பைச் சொல். நான் ஜெபிக்கிற விதம் உனக்குத் தெரியும், பாதி நம்பிக்கையோடுதான். ஆனாலும் உன் பயணத்துக்காக ஜெபிக்கிறேன்.

என்றும் உன்,
டோரீன்.

ஞாயிறு.

உறையை இன்னும் ஒட்டவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஆராதனை முடிந்து பத்தரைக் காட்சிக்குப் போனேன். ஒருவரும் இல்லை. ஆறு டிக்கெட் கேட்டேன். "மத்தவங்க வாறாங்களா டீச்சர்?" என்றார் செல்லசாமி. வருவார்கள் என்றேன். அவர் ஒன்றை மட்டும் கிழித்து, "மிச்சத்த வச்சிருங்க. வந்தா குடுங்க" என்று ஐந்தைக் கையில் தந்தார்.

கரடிக்குட்டி ஆற்றைத் தாண்டுகிற நேரத்தில் கதவு திறந்தது. மஃறூப் நானா. ஒரு டிக்கெட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தார்.

இடைவேளையில், "தங்கச்சி ராவு போன்ல கோல் எடுத்தா. டீச்சர் தனிய இருப்பா, போய் இருங்கன்னா" என்றார். பிறகு, "கரடிக்குட்டி இவ்வளவு பேசுமா டீச்சர்? எங்க வீட்டு ஆள்கூட இவ்வளவு பேசமாட்டா" என்றார்.

படம் முடிந்ததும் படிக்கட்டில் நின்று உன்னை அழைத்தார். பேசுறீங்களா என்று போனை என்னிடம் நீட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

எத்தனை பேர் என்றுதான் நீ கேட்டிருப்பாய். "டிக்கெட் ஆறு. ஆள் ரெண்டு" என்றார். அதற்குப் பிறகு நீ வேறு ஏதோ கேட்டாய். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஓம், நல்லா சிரிச்சா" என்றார்.

ஆள் கணக்கு சரி. நான் சிரிக்கவில்லை.