பெரியப்பாவின் கண்ணாடியும் பஸ் சீட்டுத் துணியும்

அன்புள்ள சில்வண்டுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீ விட்டுப்போன ஜன்னல் செடியும் நலம், பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடி மட்டும் நலமில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை, நான் போனை எடுத்தாலே ஸ்பீக்கர்ல போடு என்று அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், இதிலோ அவருக்குத் தெரியக் கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஈரத்துணியை அறைக்குள் காயப் போடாதே, போன வாரம் வீடியோவில் உன் முதுகுக்குப் பின்னால் தொங்கிய துண்டில் கரும்புள்ளி பூத்திருந்தது, துணி படிக்கிறவள் கண்ணுக்கு அது தப்புமா.

முதலில் உன்னைத்தான் திட்ட வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜவுளி வடிவமைப்புப் படிப்புக்கு என் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டு நீ வேலைக்கென்று கிளம்பிவிட்டாய், பற்ற வைத்தவள் நீ, புகையில் இருமுகிறவள் நான். என் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. முதல் நாள் வாசலில் நின்ற காவலாளி, பெத்தவங்க எல்லாம் அங்க உக்காருங்கம்மா என்று ஒரு பெஞ்சைக் காட்டினார், நான்தான் மாணவி என்று சொல்ல வெட்கப்பட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன், முதல் வகுப்பு போயே போயிற்று. இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. சாயம் கலக்க வருகிறது, அச்சடிக்க வருகிறது, வாய்தான் வரவில்லை. வருடக் கடைசியில் அவரவர் செய்த துணிக்குப் பக்கத்தில் நின்று தேர்வாளர்களிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நான் நின்றேன், வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. உன்னைவிட நாலைந்து வயது மூத்த என் ஆசிரியை இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தாள். அக்கா, உங்க துணி நல்லாப் பேசுது, நீங்களும் கொஞ்சம் பேசினாத்தானே மார்க் போட முடியும், இந்தத் தடவையும் பேசலேன்னா ரெண்டாம் வருஷம் கிடையாதுக்கா என்றாள். இதையும் உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த வண்டி ஏறி வந்து எனக்குப் பதில் நீ பேசுவாய்.

இந்த மறுவாய்ப்புக்கு எனக்குக் கொடுத்த வேலை அழுக்குத் தெரியாத பஸ் சீட்டுத் துணி. மூன்று நாள் அப்பா ஓட்டுகிற பஸ்ஸிலேயே கடைசி சீட்டில் உட்கார்ந்து போய் வந்தேன், அவர் டிரைவர் சீட்டுக்கு மேலே தொங்குகிற கண்ணாடி வழியாகப் பார்த்து, டிக்கெட் எடுத்தியா என்று எல்லார் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்கினார். தலை எண்ணெய் பட்ட இடம், தேநீர் சிந்திய வட்டம், குழந்தை பிஸ்கட்டைத் தேய்த்த கோடு, ஈரக்குடை சாய்த்த தடம், எல்லாவற்றையும் நோட்டில் வரைந்து, அந்தக் கறைகளையே அவற்றின் நிறத்திலேயே பூவும் கொடியுமாகக் கோர்த்து அச்சடித்துவிட்டேன். புதுக் கறை வந்தால் அதுவும் கூட்டத்தில் ஒரு சொந்தக்காரனாகச் சேர்ந்துவிடும். நம் சோபாவில் அதை விரித்து ஒரு வாரம் சோதித்தேன், அப்பா ஊற்றிய தேநீரை அப்பாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பெரியப்பா வந்தார். தன் தம்பியிடம், இந்த வயசுல காலேஜுக்குப் போயி உன் பொண்டாட்டி என்னத்தடா கிழிக்கப் போறா என்று நான் கேட்கும்படியே கேட்டார். துணிப் படிப்பில் கிழிப்பதும் ஒரு பாடம்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, வழக்கம்போல அங்கேயே நின்றுவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி சோபாவில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார், திரும்பி வந்து தேடினார், காணோம். பழுப்பு பிரேம், தேநீர் நிறப் பூ, இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அப்பா டார்ச்சோடு சோபாவுக்கு அடியில் தவழ்ந்தார், முட்டியைத் தேய்த்துக்கொண்டார். எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும் முதல் நிமிடமே தெரியும். வரைந்தவளுக்குத் தெரியாதா தன் படத்தில் இல்லாத கோடு எது என்று. ஆனாலும் கம்மென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என் துணி எத்தனை நிமிடம் தாங்குகிறது பார்ப்போமே என்றுதான். இருபத்திரண்டு நிமிடம். அப்புறம் பெரியப்பா களைத்துப்போய்க் கண்ணாடி கிடந்த இடத்திலேயே உட்காரப் போனார், பாவம், சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. மளுக்.

சிரிக்காதே. எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்தது, உடைந்த துண்டுகளைப் பொறுக்கும்போதுதான் அடங்கியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கண்ணாடி பிழைத்திருக்கும். பஸ்ஸில் யாராவது சாவியை வைத்துவிட்டுத் தொலைத்தால் என்ன ஆகும் என்றும் அப்போதுதான் உறைத்தது. சீட்டும் சாய்மானமும் சேருகிற மடிப்புக்குள்ளிருந்து தினமும் சாவியும் ஒற்றைக் கம்மலும் தோண்டி எடுப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார், அதனால் அந்த மடிப்பு வருகிற இடத்தில் மட்டும் பூவே இல்லாமல் வெளிர்மஞ்சள் பட்டை ஒன்று வைத்துத் தைத்தேன்.

துணிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற அந்த ரிவியூ போன புதன்கிழமை. பஸ் சீட்டு செய்யும் பட்டறையிலிருந்து ஒரு பெரியவர் தேர்வாளராக வந்திருந்தார். நான் மரமாக நின்றேன், ஆசிரியை நகத்தைக் கடித்தாள். அந்தப் பெரியவர் தன் கண்ணாடியைக் கழற்றி என் துணி போர்த்திய சீட்டின் மேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார், திரும்பினார், உட்காரக் குனிந்தார். ஐயா, உக்காராதீங்க என்று ஒரு சத்தம், அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், போட்டது நான்தான். கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். என்னம்மா இது, இப்படி மறைச்சா வர்றவங்க பொருள் என்ன ஆகும் என்று கேட்டார். பட்டையைக் காட்டினேன், மடிப்பைச் சொன்னேன், கம்மலைச் சொன்னேன். நடுவுல வெச்சுட்டா என்றார். அதுக்குத்தான் பக்கத்துல நின்னு கத்த ஒரு ஆள் வேணும்யா என்று சொல்லிவிட்டேன், எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. எல்லாரும் சிரித்த பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. தேர்ச்சித் தாளில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள், ஐந்து நிமிடத்துக்குப் பதில் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார் என்று. இந்த வீட்டில் என்னைப் பேச்சு அதிகம் என்று குறை சொன்ன முதல் காகிதம் அது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பெரியப்பா புதுக் கண்ணாடியோடு நேற்று வந்தார். அந்தத் துணி ரெண்டு மீட்டர் கிடைக்குமாம்மா, நாற்காலியில காபி சிந்துதுன்னு என் வீட்டுக்காரி திட்டுறா என்று என்னிடமே நேராகக் கேட்டார். தருகிறேன், ஆனால் கண்ணாடிக்குக் கழுத்தில் கயிறு போட்டுக்கொண்டால்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், எங்கே போனாலும் உனக்கு நல்லதே நடக்கும், நடக்காவிட்டால் எனக்கு எழுது, இப்போது எனக்குக் கத்த வரும். துண்டை வெயிலில் போட மறக்காதே. அந்த இருபத்திரண்டு நிமிடத்தைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே, அவர் முட்டி இன்னும் ஆறவில்லை.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவி,
உன் அம்மா.