உன் நெற்றியில் வைத்த புலிக்காசு

என்னைத் தூக்கி வளர்த்த என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

உன் கல்யாணத்துக்கு அம்மா வெள்ளி ரூபாய்களைக் கோத்து மாலையாகப் போட்டாளே! யுத்தத்தின்போது சர்க்கார் பழைய வெள்ளிக் காசையெல்லாம் திரும்ப வாங்கியபோதும் நீ அதைக் கழற்றவில்லை. "நான் செத்தா இதுல ஒரு காசைத்தான் நெத்தியில வெக்கோணும், தம்பி" என்று சிரித்தாய். நான் உன்னைத் திட்டினேன்.

சாவுச் செய்தி வந்ததும் தறியை அப்படியே விட்டுவிட்டு, பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு மல்லசமுத்திரத்துக்கு ஓடி வந்தேன். உன் கழுத்தில் தாலிக்கயிறு தவிர எதுவும் இல்லை. நெற்றியில் புதிதாக வந்த ரூபாய். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் புலி. பொட்டு வெள்ளி கிடையாது அதில். வந்தவர்களில் ஒருவன் அதை எடுத்து, புலி தெரியும்படி திருப்பி வைத்தான். அப்புறம் குனிந்தவர்கள் எல்லாம் புலியைத்தான் பார்த்தார்கள். உன் முகத்தை யார் பார்த்தார்கள், அக்கா?

"அக்கா காசுமாலை எங்கீங்க மச்சான்?" என்று உன் புருஷனைக் கேட்டேன்.

"காய்ச்சல்ல கெடந்தப்ப கழுத்துக்குக் கனமா இருக்குமுன்னு நாந்தான் கழட்டி வாங்கி வெச்சேன். இப்ப எதுக்குங்க மாப்ள அது? இதும் ரூவாதானுங்களே."

பிறந்த வீட்டுக் கோடி போடாமல் உன்னைத் தூக்க முடியாது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மாலை வந்தாத்தான் கோடி" என்று நின்றேன். மாலை வரவில்லை. வெயில் ஏறியது, ஈ மொய்க்க ஆரம்பித்தது. உன்னை அப்படிக் கிடத்திவைத்து நான் என்ன நியாயம் கேட்பது? போர்த்திவிட்டேன். ஆனால் அந்தப் புலிக்காசை எடுத்து மச்சான் கையிலேயே கொடுத்துவிட்டேன். வெறும் நெற்றியோடுதான் போனாய். நான் செய்தது சரிதானா?

இப்போது நடப்பதைக் கேள். உன் மாலையை உருக்கிக் கொலுசு செய்தாகிவிட்டது. செய்த ஆசாரியே என்னிடம் சொன்னார். தை பிறந்ததும் மச்சானுக்கு மறுகல்யாணம். புதுப்பெண்ணுக்கு அவர் போடும் நகையாம்! வெட்கமில்லாமல் எனக்கும் வெற்றிலைபாக்கு வைத்து அழைத்தார்.

போகிறேன். சண்டை போட மாட்டேன், உன்மேல் ஆணை. அந்தப் பெண்ணிடம் மட்டும், பந்தலில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வருவேன்: "காய்ச்சல்ல படுத்தாலும் காலுல கெடக்கறதக் கழட்டிக் குடுத்தராத, சாமி."

வெண்ணந்தூரிலிருந்து,
உன் கூடப்பிறந்தவன்