மறுமொழி சொல்லும் திமிங்கிலங்கள்

படகு: கடல்விண்மீன். துறை: சிலுவைத்துறை. 2058 மே 12, ஞாயிறு.

காலை 6.20. புறப்பாடு

படகில் ஐந்து பேர். சுக்கானில் என் கணவர் கிளமெண்ட் கொரேரா. எந்திரத்தில் கொழுந்தன் ஆரோன். பயணிகள் மதுரை சௌந்தரபாண்டியன் ஐயாவும் அவர் மனைவி மங்கையர்க்கரசி அம்மாவும். பதிவு எழுதுவது ரெமிஜியா, அதாவது நான். இல்லத்தரசி. பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. திமிங்கிலத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சோறு வேகிற நேரத்தில் படித்துக்கொண்டதுதான்.

முதல் பூசை கண்டுவிட்டு ஏறினோம். டீசல் முக்கால் டாங்கி. குடிதண்ணீர் இரண்டு கேன். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கிறது.

அழைப்பான் சரியாக இருக்கிறது. புதிதாகப் படிப்பவருக்குச் சொல்கிறேன்: இது படகின் அடியில் இருக்கும் பெட்டி. மேல்தளத்து மைக்கில் விழும் சத்தத்தைத் திமிங்கிலத்தின் சீழ்க்கையாக மாற்றித் தண்ணீருக்குள் விடும். எந்தச் சத்தத்துக்கு அவை கிட்ட வருகின்றன என்று தானாகவே கற்றுக்கொள்ளும். எங்கள் ஊரில் பயணிகள் படகு எல்லாவற்றிலும் உண்டு. ஒரு பெட்டி கற்றது மற்ற பெட்டிகளுக்கும் போய்விடும்.

காலை 9.05. பார்த்தவை

ஆலாப் பறவைகள் ஒரு கூட்டம், மீன் மேல் விழுந்து விழுந்து எழும்பின. ஓங்கில், அதாவது டால்பின், பதினான்கு, குட்டி மூன்று. திமிங்கிலம் இல்லை.

சௌந்தரபாண்டியன் ஐயாவுக்கு ஏமாற்றம். “காக்கா பாக்கவாப்பா இம்புட்டு தூரம் கூட்டியாந்தீக?” என்றார். ஆரோன், “காக்கா உங்க மொட்டை மாடில இருக்கும் ஐயா. இது ஆலா. மரியாதையாக் கும்புட்டுக்கிடுங்க, இது போற பக்கந்தான் பெருசு வரும்” என்றான். அம்மா சிரித்ததில் கையிலிருந்த இட்லி கடலுக்குப் போனது.

பகல் 12.10. மன்றாட்டு

மே மாதம் மாதாவின் வணக்க மாதம். கரைக்குத் திரும்பும் முன் படகிலேயே மாதா மன்றாட்டு மாலை சொல்வது எங்கள் வழக்கம். நான் மாதாவின் ஒவ்வொரு பெயராகச் சொல்லுவேன், மற்றவர்கள் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று மறுமொழி சொல்லுவார்கள். அந்த நேரத்தில் அழைப்பானின் மைக்கை அணைக்க வேண்டும் என்பது விதி. இந்த மாதம் முழுக்க நாங்கள் அணைக்கவில்லை. எங்கள் படகில் மட்டுமல்ல, எந்தப் படகிலும் அணைக்கவில்லை. மாதாவின் பெயரை நடுவில் அமுக்க யாருக்கும் மனம் வராது.

ஐந்தாவது பெயரில் வந்துவிட்டன. உருண்டைத் தலைத் திமிங்கிலங்கள். எண்பது வரை எண்ணினேன், பிறகு எண்ண முடியவில்லை. படகைச் சுற்றி வட்டமாக நின்றன. நான் பெயர் சொன்னேன். நிறுத்தினேன். அந்த இடைவெளியில் அவை எல்லாம் ஒன்றாகச் சீழ்க்கை அடித்தன. மறுமொழியின் நீளம். அதே ஏற்றம், அதே இறக்கம்.

“மைனி, இதுங்க ஞானஸ்நானம் வாங்காமலே செபம் சொல்லுது” என்றான் ஆரோன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து அழுகை வந்தது. மாதா செய்த புதுமை, அற்புதம் என்றே நினைத்தேன்.

பிற்பகல் 2.40. பின்தொடர்கின்றன

கரைக்குத் திரும்பினோம். அவையும் திரும்பின. கலங்கரை விளக்கம் தெரியத் தொடங்கியது, ஆழம் எட்டு பாகம்தான், ஐம்பது அடிகூட இல்லை, அப்போதும் விடவில்லை. குட்டிகள் நடுவில், பெரியவை சுற்றி. இந்த இனத்தில் ஒன்று தரை தட்டினால் கூட்டம் முழுவதும் கூடவே ஏறிச் சாகும்.

என் கணவர் அழைப்பானை அணைத்தார். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அடியிலிருந்து இடி. சத்தம் எங்கே போனது என்று பெட்டியைத் தலையால் முட்டித் தேடுகின்றன. படகு ஒருக்களித்தது. சௌந்தரபாண்டியன் ஐயா விழுந்து இடுப்பெலும்பில் அடி. இப்போது நெஞ்சு வலிக்கிறது என்கிறார். உதடு வெளுத்திருக்கிறது.

மறுபடி போட்டோம். பெட்டி மட்டும் தனியாகச் சத்தம் விட்டால் முட்டல் நிற்கவில்லை. நான் பெயர் சொன்னால்தான் நிற்கிறது. ஆழத்துக்கே திரும்பிவிட்டோம்.

இந்தப் பதிவு செயற்கைக்கோள் வழியாகப் பயணிகள் படகுகளின் கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. வந்த பதில்: “பதிவு பெறப்பட்டது. அலுவலக நேரத்தில் பார்க்கப்படும்.”

பிற்பகல் 3.30. முடிவு

ஐயாவைக் கரை சேர்க்க வேண்டும். கடல்விண்மீன் கரைக்குப் போகக் கூடாது. இரண்டும் நடக்க ஒரு வழிதான். படகில் கட்டியிருக்கும், அழைப்பான் இல்லாத மோட்டார் தெப்பத்தில் அவர்கள் நால்வரும் போவது. அலை உடையும் இடத்தில் ஐயாவைத் தூக்க இரண்டு ஆண்கள் வேண்டும். நான் இங்கே இருந்து இவற்றைப் பிடித்து வைப்பது.

இவர் ஒத்துக்கொள்ளவில்லை. “ஒன்னைய ஒத்தையில உட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுளா கரைல ஏறுவேன்?” என்றார். “மூஞ்சி இருக்கட்டும், மொதல்ல அந்த மனுசன் மூச்சு நிக்காமப் பாருங்க. அவுகளுக்குப் பதிலு நாமதான் சொல்லணும்” என்றேன். மங்கையர்க்கரசி அம்மா என் கையைப் பிடித்து விடவேயில்லை. நான்தான் பிரித்து விட்டேன்.

இருந்த ஒரே வாக்கிடாக்கியை அவர்களிடம் கொடுத்தனுப்பினேன். படகின் பழைய ரேடியோ செட்டில் கேட்கத்தான் முடியும், பேசும் பொத்தான் உப்பேறிச் செத்துவிட்டது; கைபேசி கடலில் எடுக்காது. அதனால் நான் சொல்ல வேண்டியது இந்தப் பதிவில் மட்டும்தான்.

மாலை 5.35. நல்ல செய்தி

இவர் குரல்: “ரெமிஜி, வந்து சேந்துட்டோம். ஐயாவ ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு, நானும் கூடப் போறேன். வாக்கி ஆரோன்கிட்ட. ஊரே கரைல நிக்கி. தைரியமா இரு.”

ஆண்டவருக்கு நன்றி.

தென்கிழக்கே மெதுவாகப் போகிறேன். அவையும் வருகின்றன. மன்றாட்டு மாலை முடிந்தால் முதலிலிருந்து தொடங்குகிறேன். ஒரு குட்டி படகோடு ஒட்டி வந்து என்னை ஒரு கண்ணால் பார்க்கிறது. நான் இருமினால் மொத்தக் கூட்டமும் காத்திருக்கிறது. தொண்டையில் ரத்த ருசி. இருந்தாலும் இருட்டுவதற்குள் நடுக்கடலுக்குக் கொண்டுபோய்விடலாம். அங்கே குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் கலைந்துபோகும் என்று நம்புகிறேன்.

மாலை 6.15. ஆரோன்

ஆரோன் குரல்: “மைனி, கேக்கா? நீங்க ஒத்தையில தொண்டை கிழியக் கத்த வேணாம். சாமியார்ட்ட சொல்லிட்டோம். கரையோரம் தண்ணில கெடக்க போட்டு எல்லாத்தோட பெட்டியையும் ஆன் பண்ணி கோயில் மைக்கோட சேத்துட்டோம். பொம்பளைக, பிள்ளைக எல்லாம் மெழுகுதிரியோட இடுப்பளவு தண்ணில எறங்கி நிக்குதுக. ஊர் மொத்தமும் உங்களுக்காக மன்றாட்டு சொல்லப் போவுது. சத்தம் அங்க வரைக்கும் வரும், அதுங்க அங்கனயே நின்னு கேட்டுக்கிடும். நீங்க செத்த மூச்சு வாங்குங்க மைனி.”

வேண்டாம் ஆரோன். வேண்டாம். கேட்காது உனக்கு.

மாலை 6.22

நான் பெயர் சொன்னேன். மறுமொழி வரவில்லை.

எல்லாம் தலையைத் தூக்கி நிற்கின்றன. என்னைப் பார்க்கவில்லை. கரைப் பக்கம் பார்க்கின்றன.

குட்டி போய்விட்டது.

மாலை 6.31

திரும்பிவிட்டன. எல்லாம். படகைத் திருப்பி முழு வேகத்தில் விரட்டுகிறேன், கத்துகிறேன், என் குரல் ஒன்று, அங்கே நானூறு. இந்தப் பெட்டியைவிட அந்தப் பெட்டிகள் சத்தம். அவை என்னைவிட வேகம்.

தண்ணீரில் நிற்பவர்கள் இந்த மங்கலில் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு லாரி கனம். முன்னால் வருவது பிள்ளைகள் மேல்தான் ஏறும்.

செட்டில் கேட்கிறது. ஊரே சொல்கிறது. எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள். என் பெயரையும் நடுவில் சேர்த்துச் சொல்கிறார்கள்.

மாலை 6.38

பதில்: “பதிவு பெறப்பட்டது. அலுவலக நேரத்தில் பார்க்கப்படும்.”

ஐயா, அம்மா, அந்த அறையில் யார் இருந்தாலும் சரி. ஆயுசில் ஒரு நாளும் செபம் தவறாதவள் கேட்கிறேன். சிலுவைத்துறைக் கோயிலுக்குப் போன் போடுங்கள். செபத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டிகளை அணைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தண்ணீரை விட்டு ஏற்றச் சொல்லுங்கள். கரையில் சத்தம் நின்றால் என் குரல் இவற்றுக்குக் கேட்கும். நான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். குரல் இருக்கிறது, கொஞ்சம் இருக்கிறது.

மாலை 6.44

கலங்கரை விளக்கம் தெரிகிறது. மெழுகுதிரிகளும் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன.

நிறுத்திவிட்டார்களா என்று மட்டும் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.