பின்சக்கரத்து நட்டு

ஷெபாய்கன்,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் மார்லிஸுக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், உன் அப்பாவும் சௌக்கியம், அவரைக் கேட்டால் இருபது வயதுப் பையனைவிடச் சௌக்கியம் என்பார். அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் கம்பளிக் காலுறையைக் கழற்றாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒருவழியாகப் பனி உருகிவிட்டது, உருகின மறுநாளே உன் அப்பா கராஜுக்குப் போய் மோட்டார் சைக்கிளின் போர்வையை உருவிவிட்டார். போன வருஷம் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட மனுஷன். மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் டாக்டரா அவருக்குப் பெண்டாட்டி? நீயும் போனில் வித்துடும்மா, வித்துடும்மா என்கிறாய். அதனால் நான் ஒரு பந்தயம் வைத்தேன். பின்சக்கரத்தை இழுக்கிற பெல்ட் தளர்ந்து கிடக்கிறது, யார் துணையும் இல்லாமல் வீட்டிலேயே அதைச் சரிசெய்தால் ஓட்டுங்கள், அதற்குச் சக்கரத்து நட்டைக் கழற்ற வேண்டும், அதைக்கூடக் கழற்ற முடியாத கை அவ்வளவு கனமான வண்டியைத் தாங்காது, முடியாவிட்டால் பக்கத்து வீட்டு ஆர்லனுக்கு விற்றுவிட வேண்டும் என்றேன். சரிடி இர்மா, ஜெயிச்சா நீ பின்னாடி ஏறி உக்காரணும் என்றார்.

வியாழக்கிழமை துவைத்த துணியை எடுக்கக் கராஜுக்குப் போனால், உன் அப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சாவிகூடப் போடாத வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஸ்பேனர் கீழே கிடந்தது. முயன்று பார்த்திருக்கிறார், நட்டு அசையவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த வண்டியை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை, மார்லிஸ். மறுநாள் சர்ச்சில் மீன் வறுவல் விருந்துக்கு உதவ அவர் போனதும், நட்டுக்குக் காவலாக இருக்கும் பின்னை உருவிவிட்டு, ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றேன். இத்தனை வருஷம் தின்ற சீஸ் அன்றைக்குத்தான் உருப்படியான வேலை செய்தது, நட்டு க்ரீச்சென்று இளகிக் கொடுத்தது. லேசாக மறுபடி இறுக்கி, பின்னைச் செருகி, கையைக் கழுவிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி உருளைக்கிழங்கை வேகப்போட்டேன்.

நேற்றுக் காலையில் கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி ஆர்லன் வந்துவிட்டார், அதுவும் அடுத்த வீட்டிலிருந்து டிரெய்லரோடு. நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்து, முடியலன்னா சொல்லு நார்பர்ட், வெக்கப்படாதே என்றார். உன் அப்பா, அந்த டிரெய்லர்ல உன் பெண்டாட்டிய ஏத்தி ஊரைச் சுத்திக் காட்டுய்யா என்று சொல்லிவிட்டு, பின்னை உருவி ஸ்பேனரைப் போட்டார். முக்கினார், முனகினார், முகமெல்லாம் சிவந்தது, நட்டு கழன்றது. ஆர்லன் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் பெல்ட்டை அளவுகோலால் அடியிலிருந்து மேலே தள்ளி எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார், சக்கரத்தைச் சுற்றி எங்கே இறுக்கம் அதிகமோ அந்த இடத்தில்தான் அளக்க வேண்டுமாம். இரண்டு பக்கத் திருகாணியையும் ஒரே அளவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். இன்னும் இறுக்கு என்று ஆர்லன் யோசனை சொன்னார். இது உன் இடுப்பு பெல்ட் இல்லய்யா, ரொம்ப இறுக்கினா பேரிங் போயிடும் என்று இவர் சொன்னதும் ஆர்லன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நானும் நைசாகச் சமையலறைப் பக்கம் திரும்பினேன். உன் அப்பா கூப்பிட்டு, அளவு வந்ததும் க்ளிக் என்று சத்தம் கொடுக்கிற பெரிய ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். எனக்கு எதுக்கு என்றேன். கழட்டினவதானே முறுக்கணும் என்றார். அவர் எப்போதும் பின்னை மேலேயிருந்துதான் செருகுவாராம், நேற்று அது கீழேயிருந்து எட்டிப் பார்த்ததாம். அப்படியானால் அந்த முக்கலும் முனகலும் முழுக்க நாடகம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆனால் அவர் சிரிக்கவில்லை. பந்தயத்துல நான் தோத்தாச்சு இர்மா, ஆர்லனைத் திரும்பக் கூப்பிடவா என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நான் ஆமாம் என்றால் கொடுத்திருப்பார். ஸ்பேனரை வாங்கி, மண்டி போட்டு, க்ளிக் சத்தம் கேட்கும்வரை முறுக்கினேன்.

இனி நட்டு என் பொறுப்பு, பெல்ட் அவர் பொறுப்பு என்று பேச்சு. உனக்குக் கோபம் வரும், வரட்டும், போனில் திட்டாதே, கோடையில் நேரில் வந்து திட்டு. ஆர்லனிடம் மட்டும் மூச்சு விடாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும். வாசலில் உன் அப்பா ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், ஏரிக்கரைவரை போய்வர வேண்டும், நான் ஹெல்மெட் தேட வேண்டும்.

நகக்கண்ணில் இன்னும் கிரீஸோடு,
உன் அம்மா
இர்மா