வடிவு திறந்த புட்டி

ஜமுனாமரத்தூர்
22-8-1983

அன்பு மகள் செந்தாமரைக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அப்பாவின் இருமல் நின்றுவிட்டது, மழை பெய்து சாமை முழங்கால் உயரம் நிற்கிறது. நீ கேட்ட ஆட்டுச் சினைப்பைகள் இன்னும் வரவில்லையே என்று கோபமாக இருப்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், எழுதவே கூசுகிறது.

முதலில் ஆடித் திருவிழாவில் நிறைய ஆடு வெட்டுவார்களே என்று போய் நின்றேன். பூசாரி முனிசாமி, "சாமிக்கு யாராச்சும் பொட்டையாடு வெட்டுவாங்களா டீச்சர்? பி.ஏ. படிச்சிட்டு இதுகூடத் தெரியலியா?" என்றார், கூட்டமே சிரித்தது. இந்த மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தோன்றவில்லை பார். பிறகு கறிக்கடை துரைக்கண்ணுவிடம் போய், கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு இருக்குமே என்று விரலால் காட்டினேன். "அது இன்னாத்துக்கு டீச்சர்?" என்று கேட்டார். சுற்றிலும் ஆண்கள். என் மகள் சென்னையில் கருமுட்டையை ஆராய்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை, "மருந்துக்கு" என்று சொல்லிவிட்டு, இலையில் மடித்துக்கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடிவந்து, கெடாமலிருக்க நீ வைத்துவிட்டுப் போன பார்மலின் விஷப் புட்டியில் போட்டேன்.

அவர் மனைவி வடிவை உனக்குத் தெரியும், கல்யாணமாகி இத்தனை வருஷம் குழந்தையில்லாமல் மாமியாரிடம் பேச்சு வாங்குகிறவள். மறுநாளே வந்து, "அது புள்ள உண்டாவற மருந்துதானே டீச்சர்? எனக்குங் கொஞ்சம் குடுங்க" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முட்டை, விந்து என்றெல்லாம் பேச வேண்டுமே என்று, "அப்புறம் பார்க்கலாம்" எனக் கதவைச் சாத்தினேன். பள்ளியில் அந்தப் பாடம் வந்தால் நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்கிறவள்தானே உன் அம்மா.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தால் பின்கதவு திறந்திருக்கிறது. வடிவு புட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, ஒரு துண்டை வாய்க்குக் கொண்டுபோகிறாள். நெடி தாங்காமல் அவள் தயங்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. கையைத் தட்டிவிட்டேன், புட்டி உருண்டு எல்லாம் மண்ணில் கொட்டிவிட்டது. வாயில் படவில்லை, விரல்தான் வெளுத்துப்போயிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கழுவி, நீ எழுதியதையெல்லாம் அங்கேயே சொன்னேன். ஆட்டின் முட்டைக்கும் நம் முட்டைக்கும் கண்ணாடி போலப் புரதத்தால் ஓர் உறை உண்டு, விந்து முதலில் வந்து ஒட்டுவது அதில்தான், ஒன்று உள்ளே போனபின் மற்றவற்றுக்கு வழி விடாது. எலியில் முட்டையே வளர்கிறபோது அதைச் சுரந்து நூல்நூலாகப் பின்னிக்கொள்கிறதாம், ஆட்டிலும் அப்படித்தானா, சுற்றியிருக்கும் செல்களும் சேர்ந்து கொடுக்கின்றனவா என்றுதான் என் மகள் பார்க்கிறாள், இதைத் தின்றால் பிள்ளை வராது, உயிர்தான் போகும் என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு, "புள்ளையில்லாத நானே வெக்கத்த வுட்டுட்டு வந்து கேட்டேன். படிச்ச உங்களுக்கு இன்னா டீச்சர் வெக்கம்?" என்றாள். என்னால் நிமிர முடியவில்லை கண்ணு. நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், ஒரு சொல்லுக்குக் கூசி ஓர் உயிரைப் போக்கப் பார்த்தேன்.

நேற்றுக் கறிக்கடைக்குப் போனேன். புருஷனும் பெண்டாட்டியுமாக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், குறை ஆணிடமும் இருக்கலாம் என்றேன். துரைக்கண்ணு கத்தியைக் கீழே வைத்து, "எனக்கா டீச்சர்?" என்றார். கறி வாங்க வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கும் காது சுட்டது, ஆனாலும் நகரவில்லை. வடிவு உள்ளேயிருந்து, "எம் முட்டைக்கும் அந்தச் சட்டை இருக்குமா டீச்சர்?" என்றாள். இருக்கும் வடிவு, என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

வேறு சினைப்பைகள் தருவதாக துரைக்கண்ணு சொல்லியிருக்கிறார். புதுப் புட்டி அனுப்பும்போது மண்டை ஓட்டுப் படம் பெரிதாக ஒட்டி அனுப்பு, எழுத்துத் தெரியாதவர்க்கும் புரியட்டும். வேளைக்குச் சாப்பிடு. நம் வேடியப்பன் சாமி உன் கூடவே இருக்கட்டும்.

உன் அம்மா,
ரஞ்சிதம்